கம்ப்யூட்டர் என்னோடு சண்டைக்கு வந்த மதியம்

கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் எனக்கு இருந்த பதவியின் பெயர் லைட் பாய். அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. முன்மண்டையில் முடி கிடையாது. நான் பிடிக்கும் வெளிச்சம் என் மண்டையிலேயே பட்டுத் திரும்பி மாப்பிள்ளை முகத்தில் விழும். மண்டபத்தில் யாராவது "லைட் பாய் எங்கப்பா?" என்று கூப்பிட்டால் நான் போய் எதிரே நிற்பேன். கூப்பிட்டவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வேறு யாரையோ தேடுவார்.

நான் பிறந்தது தேவனாம்பட்டினத்தில். மீன்பிடிக் குடும்பம். ஆனால் படகு ஏறினால் எனக்கு வாந்தி வரும். கரை மறைவதற்கு முன்பே வந்துவிடும். அந்தப் பெரிய அலை வந்துபோன பிறகு, இனி கடலுக்குப் போகக் கூடாது என்று என் மனைவி சத்தியம் கேட்டாள். ஊரில் பல ஆண்கள் அந்தச் சத்தியத்தைச் செய்ய முடியாமல் அழுதார்கள். நான் அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் செய்துவிட்டேன். பிறகு சிதம்பரத்தில் அவள் தம்பி வைத்திருந்த வீடியோ கடைக்கு வந்து சேர்ந்தேன்.

மச்சான் என்னைவிட ரொம்ப இளையவன். முதலாளி அவன்தான். ஆனாலும் மரியாதையில் குறை வைக்க மாட்டான். ஒவ்வொரு அதட்டலுக்கும் முன்னால் ஒரு 'மாமா' போடுவான். "மாமா, ஒயர மிதிக்காதீங்க. மாமா, பொண்ண விட்டுட்டு ஃபேனுக்கு ஏன் லைட் அடிக்கிறீங்க? மாமா, கொஞ்சம் ஒதுங்குங்க, உங்க முதுகுதான் தெரியுது."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். அவை கூட்டமாகச் சேர்ந்து நின்றால், கல்யாண வீட்டில் அறிமுகம் இல்லாதவர்களைப் பார்ப்பதுபோல ஒதுங்கிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் மச்சான் கடைக் கம்ப்யூட்டரை ஒப்படைத்தான். நல்ல நம்பிக்கையில் இல்லை. மண்டபம் பேச, பார்ட்டி பிடிக்க அவன் வெளியே போனால் கடையில் உட்கார வேறு ஆள் இல்லை.

வேலை இதுதான். கேமராவுக்குள் சின்ன டேப் இருக்கும். அதில் இருக்கிற கல்யாணத்தைக் கம்ப்யூட்டர் வழியாக இழுத்து, வெளியே ஒயரில் தொங்கும் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். ஏற்றியான பிறகு அதே டேப்பை அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோவோம். பழைய கல்யாணத்தின் மேலேயே புதுக் கல்யாணம் பதிவாகும். டிஸ்க்கில் ஏறாத கல்யாணம் அதோடு போய்விடும்.

அது கரண்ட் போகும் காலம். எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. கடையில் இருந்த யூபிஎஸ், கரண்ட் போனால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானும் போய்விடும். ஒருமுறை ஒரு காதுகுத்து இப்படிப் போயிற்று. ஏற்றி முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது, கரண்ட் போனது, வந்தபின் பார்த்தால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதோடு சரி. அந்தக் குழந்தைக்கு எங்கள் கணக்கில் இன்னும் காது குத்தவில்லை. நல்லவேளை, டேப் அழியாமல் இருந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஒருவர் வருவார். தடித்த மனிதர், வாயில் எப்போதும் வடை இருக்கும். அவர்தான் விளக்கினார். கம்ப்யூட்டர் வாங்கியதை உடனே டிஸ்க்கில் எழுதாதாம். தன் மெமரியில் வைத்துக்கொண்டு, முடிந்தது என்று நமக்குச் சொல்லிவிடுமாம். பிறகு சாவகாசமாக எழுதுமாம்.

"பந்தியில ரசம் கேட்டா 'தோ வருது'ன்னுட்டு போவான் பாருங்கண்ணே, அவன்தான் இது."

அதற்கு அவர் ஒரு வழி செய்தார். இழுக்கச் சொல்லும் வரியின் கடைசியில் 'டைரக்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அது இருந்தால் மெமரியில் வைத்துக்கொள்ளாமல் நேராக டிஸ்க்கில் எழுதும். நான் எதையும் அடிக்க வேண்டியதில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரி வரும். எண்டர் தட்டினால் ஓடும். என் படிப்புக்கு ஏற்ற வேலை.

இனி அந்த அம்மாவைச் சொல்ல வேண்டும். குமராட்சிப் பக்கம் ஒரு கிராமம், வயல் வேலை செய்கிறவர். கணவர் இல்லை. மகளுக்குச் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. வீடியோ பிடிக்கச் சொன்னது மாப்பிள்ளை வீடு. முகூர்த்த நேரத்தில் இந்த அம்மா மேடைப் பக்கமே வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவராகவே சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

கல்யாணம் முடிந்த பிறகு மினிபஸ் பிடித்துக் கடைக்கு வந்தார்.

"தம்பி, எம் பொண்ணுக்குத் தாலி கட்டுனத நான் பாக்கல. அந்த எடத்த மட்டும் கொஞ்சம் காட்டேன்."

"சிடி வரும்மா. சம்பந்தி வீட்டுக்குக் குடுத்துடுவோம்."

"அது கடலூருக்குப் போயிடும். அங்க போயி, போட்டுக் காட்டுங்கன்னு நான் கேக்க முடியுமா? நீ காட்டு."

கேமரா அன்று வெளியே போயிருந்தது. டேப் இன்னும் ஏற்றவே இல்லை. இன்றைக்கு முடியாதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. "மிக்சிங் ஆயிட்டிருக்கும்மா, ரெண்டு நாள் கழிச்சி வாங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தார். அதையே திரும்பச் சொன்னேன். இன்னொரு நாள் சொன்னேன். பந்தியில் 'தோ வருது' சொல்லும் ஆள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இல்லை.

மிக்சிங் என்கிற வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனபிறகு அந்த அம்மாவுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது என்பதும் எனக்குத் தெரியும். மச்சான் தாலி கட்டும் இடத்தில் நான்கு பக்கமும் ரோஜா விழ வைப்பான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு இதயத்துக்குள் போய்ச் சுற்றுவார்கள். கை எங்கே, கழுத்து எங்கே என்று கட்டினவனுக்கே தெரியாது.

அந்த அம்மா மறுபடி வரவேண்டிய நாள் மதியம்தான் அந்தச் சண்டை நடந்தது.

பழைய டிஸ்க் நிரம்பிவிட்டதால் மச்சான் பெரிதாகப் புது டிஸ்க் ஒன்று வாங்கியிருந்தான். பழுது பார்க்கும் வடைக்காரர் காலையில் வந்து மாட்டிவிட்டு, "வழக்கம்போல தட்டுங்கண்ணே" என்று போய்விட்டார். மச்சான் கடலூருக்குப் போயிருந்தான். சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். நாலு மணிக்கு வந்து கேமராவையும் இந்தக் கல்யாண டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்புவான். அதற்குள் நான் ஏற்றி முடிக்க வேண்டும்.

அம்புக்குறி தட்டினேன். வரி வந்தது. எண்டர் தட்டினேன். டேப் ஓடவில்லை. கம்ப்யூட்டர் ஒரே வரியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. அழுத்தித் தட்டியதால் கோபமோ என்று மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். அதே வரி. மச்சானுக்குப் போன் போட்டு, கடைசியில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இன்வாலிட் ஆர்க்யுமெண்ட் மாமா" என்றான். அவனைச் சுற்றி ஒரே மேளச் சத்தம்.

"அப்படின்னா?"

"ஆர்க்யுமெண்ட் மாமா, ஆர்க்யுமெண்ட்! நான் அப்புறம் பேசறேன்."

ஆர்க்யுமெண்ட் என்ற சொல் எனக்குத் தெரியும். மினிபஸ் கண்டக்டர் தினமும் சொல்வது. "சும்மா ஆர்க்யுமெண்ட் பண்ணாத, எறங்கு." என் மனைவி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை, அதற்கு நான் வாய்ப்புக் கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து யாரோடும் வாதம் செய்யாத ஒருவனைப் பார்த்து ஒரு இரும்புப் பெட்டி, வாதம் பண்ணாதே என்கிறது. எனக்கு உண்மையிலேயே முகம் சுண்டிவிட்டது. நான் இரண்டு பொத்தான் தட்டியதைத் தவிர என்ன பேசிவிட்டேன்? சிறிது நேரம் அதை நேராகப் பார்க்காமல், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதன் கோபம் ஆறட்டும் என்று.

ஆறவில்லை. கடைசியில் வடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சண்டையெல்லாம் இல்லண்ணே!" சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. "அது பாஷையில நாம குடுக்கற சொல்லுக்குப் பேரு ஆர்க்யுமெண்ட். நீங்க குடுத்த சொல்லு என்கிட்ட செல்லாதுங்குது. டைரக்ட்னு குடுத்தோமில்ல? புது டிஸ்க்கு வேற ஃபார்மேட் போட்டு வந்திருக்கு. அதுக்கு நேரா எழுதற வழியே இல்ல. நாந்தான் பாக்காம வுட்டுட்டேன்."

"வழி இல்லன்னா சும்மா எழுத வேண்டியதுதான? எதுக்கு நிக்குது?"

"நின்னது நல்லதுண்ணே. வாசல்லயே முடியாதுன்னுடுச்சு, நமக்குத் தெரிஞ்சிபோச்சு. சில டிஸ்க்கு அமைப்பு இருக்கு, டைரக்ட்னு சொன்னா சரி சரின்னு தலைய ஆட்டிக்கும். உள்ள போயி பழையபடி மெமரியில வச்சிக்கும். நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. நாம டைரக்ட்டுன்னு நம்பிட்டு ஒயரப் புடுங்குவோம். அந்த மாதிரிதான் ஆபத்து ஜாஸ்தி."

நான் தரையைப் பார்த்தேன். போனில் அவருக்கு என் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"இப்ப அந்தக் கடைசிச் சொல்ல மட்டும் அழிச்சிட்டு எண்டர் தட்டுங்க, ஓடும். ஓடி முடிஞ்சதும் உடனே நம்பிடாதீங்க. சிங்க்னு ஒண்ணு அடிங்க. மெமரியில இருக்கறத எல்லாம் எழுதிட்டுத்தான் திரும்பும். அது திரும்புற வரைக்கும் கரண்ட் இருந்தா போதும். நான் வண்டியில போறேண்ணே, வைக்கறேன்."

கடைசிச் சொல்லை அழித்தேன். எண்டர் தட்டினேன். ஒரு கோபமும் இல்லாமல் டேப் ஓட ஆரம்பித்தது. கேமராவின் சின்னத் திரையை மூடிவைத்தேன். அது தேய்ந்துவிடும் என்று மச்சானுக்கு ஒரு பயம். டேப் முழுதும் ஓடி முடிந்தது. முடிந்தது என்று கம்ப்யூட்டரும் சொன்னது. இனி சிங்க்.

இந்த ஒரு சொல்லை எழுத்துக்கூட்ட எனக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடைக்கு எதிரே குழாய், டைல்ஸ் விற்கிற கடை. அதன் போர்டில் பாத்திரம் கழுவும் தொட்டிப் படம் போட்டு, பக்கத்தில் நாலு எழுத்தில் சிங்க் என்று பெரிதாக எழுதியிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இங்கிலீஷ் சொல்லை முழுதாக நானே அடித்த பெருமையோடு எண்டர் தட்டினேன்.

அப்படி ஒன்று கிடையாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதாவது, அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுபடியும் ஏதோ முடியாது என்கிறது என்பதுதான். வடைக்காரர் சொன்ன சிங்க் வேறு எழுத்து, அதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

கல்யாணம் டிஸ்க்கில் இருக்கிறதா, இன்னும் மெமரியில்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது மச்சான் போன் செய்தான்.

"மாமா, பஸ் ஏறிட்டேன். கேமராவும் டேப்பும் ரெடியா வைங்க. வந்ததும் கெளம்பணும்."

"கேமரா ரெடி மச்சான். டேப்ப குடுக்க முடியாது."

அவனைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"என்னா மாமா? சரியா கேக்கல."

"டேப்புல அந்த அம்மா பொண்ணு கல்யாணம் இருக்கு. டிஸ்க்குல ஏறுச்சா இல்லையான்னு தெரியல. தெரியாம குடுக்க மாட்டேன்."

"அக்கா அங்க வந்திருக்குதா? அதுதான் சொல்லிக் குடுக்குதா?"

"இல்ல மச்சான், நான் மட்டுந்தான் இருக்கேன்."

"மாமா, ஆர்க்யுமெண்ட் பண்ணாதீங்க. கடையில வேற காலி டேப்பு இல்ல. நான் வந்து பேசிக்கறேன்."

"பண்ணல மச்சான். என் ஆர்க்யுமெண்ட்டு செல்லாதுன்னு எனக்கே தெரியும். டேப்பு மட்டும் தர மாட்டேன்."

போனை வைத்த கையோடு கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கீச்சென்றது. கம்ப்யூட்டர் கறுத்துவிட்டது. டேப்பைக் கேமராவிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டேன். நெஞ்சுவலிக்காரன் உட்கார்ந்திருப்பதுபோல இருந்திருக்கும். ஏனென்றால் அப்போது உள்ளே வந்த அந்த அம்மா, "என்னா தம்பி, ஒடம்பு சரியில்லியா?" என்றுதான் கேட்டார்.

வழக்கம்போல "மிக்சிங்" என்று வாய் ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன். கம்ப்யூட்டரே கறுப்பாக இருக்கும்போது அது எடுபடாது.

"மிக்சிங் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா. இத்தனை நாள் சும்மா சொன்னேன்" என்றேன்.

"அது எனக்கும் தெரியும்" என்றார் அவர். "நீ சொல்றப்பல்லாம் தரையதான் பாப்ப. சரி, இன்னிக்காவது காட்டுவியா?"

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. டேப் என் பையில் இருக்கிறது. கேமராவில் பேட்டரி இருக்கிறது. இதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். முதல்நாளே கேமரா வந்ததும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். இத்தனை நாள் அவரை மினிபஸ்ஸில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

டேப்பைப் போட்டு, சின்னத் திரையைத் திறந்து, அவர் மடியில் கேமராவை வைத்தேன். உள்ளங்கை அளவு படம். ஓட்டி ஓட்டி முகூர்த்தத்துக்கு வந்தேன். ஐயர் கை காட்டினார். மேளம் வேகம் எடுத்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். எல்லாரும் அட்சதை போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து யாரோ வீசிய அரிசி என் கண்ணில் விழுந்திருந்தது. கல்யாணத்தன்றே அது விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அப்போது என் கையிலிருந்த லைட் எங்கே போனது என்று நான் யோசித்ததில்லை. இப்போது தெரிந்தது. மேடை மங்கிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் நிழலாகத் தெரிந்தார்கள். வெளிச்சம் முழுவதும் பின்னால் இருந்த சமையல்கட்டு வாசலில் போய் விழுந்திருந்தது. அங்கே இந்த அம்மா, கையில் கரண்டியோடு, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமே அவருக்கு நடப்பதுபோல வெளிச்சம்.

என் தொழிலில் நான் செய்த குளறுபடிகளில் இதுதான் பெரியது. அந்த அம்மா என்ன சொல்வாரோ என்று தரையைப் பார்த்தேன்.

"தாலியக் காட்டுடான்னா எம் மூஞ்சியக் காட்டற" என்றார். பிறகு, "திரும்ப ஓட்டு."

ஓட்டினேன். மறுபடியும் ஓட்டச் சொன்னார். "அப்ப ஒண்ணும் தெரியல தம்பி. எல்லாம் தல தலயா இருந்துச்சு. எட்டிப் பாத்து எட்டிப் பாத்து கழுத்துதான் வலிச்சுது." முந்தானையால் திரையைத் துடைத்தார். "தோ, கை தெரியுது பாரு. எம் பொண்ணு தல குனியறா. தெரியுதா உனக்கு?"

எனக்கு இரண்டு நிழல்கள்தான் தெரிந்தன. "தெரியுதும்மா" என்றேன்.

மச்சான் அப்போதுதான் உள்ளே வந்தான். பஸ்ஸிலேயே தயார்செய்துகொண்டு வந்த சண்டை அவன் முகத்தில் இருந்தது. "மாமா, என்னா நெனச்சிகினு" என்று ஆரம்பித்தான்.

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு தம்பி, கல்யாணம் நடக்குதில்ல" என்றார்.

மண்டபத்தில் அப்படி ஒரு குரல் கேட்டால் மச்சான் ஒதுங்கி நின்று பழக்கப்பட்டவன். இங்கேயும் ஒதுங்கி நின்றான். பிறகு மெதுவாக அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். கண்ணில் அரிசி விழுந்தது என்று சைகையில் சொன்னேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

கரண்ட் வந்தது. மச்சான் கம்ப்யூட்டரைப் போட்டு, டிஸ்க்கைத் திறந்து, படத்தைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தான். முழுக் கல்யாணமும் இருந்தது. கைகழுவும் இடத்தில் குழாயை யாரோ திறந்தபடி விட்டுவிட்டுப் போவது வரை எல்லாம் ஏறியிருந்தது. நான் பாத்திரம் கழுவும் தொட்டியோடு போராடிய நேரத்திலேயே கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு எழுதி முடித்திருக்கிறது.

"இதுக்குத்தான் மாமா ஆர்க்யுமெண்ட் பண்ணீங்களா?" என்றான். கேமராவை வாங்கி, டேப்போடு அவனிடம் நீட்டினேன். பழைய ஆளாகிவிட்டேன்.

அவன் கேமராவையும் டேப்பையும் பைக்குள் வைக்கும்போது அந்த அம்மா எழுந்தார். "தம்பி, இது அவுங்க வூட்டுக்குப் போவுமில்ல?"

"ஆமாம்மா" என்றான் மச்சான்.

"அப்ப எம் மூஞ்சிய எடுத்துடு. அந்த நேரத்துல நான் நின்னு பாத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வேணாம்."

"மறைச்சிடலாம்மா. அந்த எடத்துல ஒரு ரோஜா வச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். படியிறங்கினார். மினிபஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, மச்சானிடம் இல்லை, என்னிடம் சொன்னார்.

"ரோசாவ ரொம்பப் பெருசா வச்சிடப் போறாரு. நீ கொஞ்சம் பாத்துக்க."